விரதம் என்று நினைத்த வலி

பாப்பு,

அம்மா மெர்கோங்கிலிருந்து எழுதுகிறேன். சாப்பிட்டாயா என்றுதான் முதலில் எழுத வந்தது, அடித்துவிட்டேன். நான் நன்றாக இருக்கிறேன். நான் சமையல் வேலை பார்க்கும் வீட்டு டீச்சரம்மா தங்கமானவர்.

நேற்று உன் கைப்பையில் இருந்த மலாய்த் தாளை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். மெலிவதற்கு டாக்டர் உனக்கு எழுதிக் கொடுத்த ஊசியோடு வந்த தாள். பசி இருக்காது, வாந்தி வரலாம் என்று இருந்ததாம். வயிற்று வலி விடாமல் முதுகுவரை போனால், ஊசியை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றும் இருந்ததாம்.

சித்ரா பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்னால் நீ போனில் அதைத்தானே சொன்னாய்?

"மா, வயிறு பிடுங்குது. முதுகு வரைக்கும் இழுக்குது மா."

"ஒரு வேளை சாப்பாட்டு விரதம்லா, அப்படித்தான் இருக்கும். பால்குடம் எடுக்கிற வரைக்கும் பொறுத்துக்கடி," என்றேன்.

"சரி மா. பிளவுஸ் தொளதொளன்னு ஆயிடுச்சு, வந்து தையல் பிடிச்சுக் குடு," என்று சிரித்தாய். நீ மெலிந்ததில் எனக்கும் சந்தோஷம்.

பால்குடம் எடுக்க வேண்டிய காலையில் நீ இல்லை. கணையம் வீங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

பிளவுஸைத் தையல் பிடித்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் பாடாங் செராய் வீட்டுக்கு வந்ததும் இந்தக் கடிதத்தை உன் படத்துக்குக் கீழே வைக்கிறேன். அடுப்பில் சோறு பொங்குகிறது, நிறுத்த வேண்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். எனக்குத்தான் மலாய் படிக்கத் தெரியாது. நீ அந்தத் தாளைப் படித்திருந்தும், அம்மா சொன்னேன் என்றுதான் பொறுத்துக்கொண்டாயா, பாப்பு?