போர்வெல் வழக்கில் நாம் ஜெயித்தோம்

அன்புத் தோழி,

லிங்கராஜபுரத்தில் நம் வக்கீல் அலுவலகத்துக்கு எதிரே இன்று போர்வெல் லாரி நிற்கிறது. ஈரக் கல்தூளின் வாடை மாடிவரை ஏறி வருகிறது. வழக்கமாக எரிச்சல்படுவேன். இன்று சிரித்துக்கொண்டே ஜன்னலைத் திறந்துவைத்தேன். நேற்று தீர்ப்பு வந்துவிட்டது. நாம் ஜெயித்துவிட்டோம்!

ஹொசகோட்டே பக்கத்து அந்த ஊருக்கு முதல்முறை என் ஸ்கூட்டரில் போனோமே, அன்றும் இதே வாடைதான். நகரத்துக்கு டேங்கரில் தண்ணீர் விற்க ஒரு நிலக்காரர் வரிசையாகப் போர் போட்டிருந்தார். சுற்றிலும் மற்றவர்களுடைய முட்டைக்கோஸ் காய்ந்துகொண்டிருந்தது. என் நிலம், என் தண்ணீர், சட்டமே அப்படித்தான் சொல்கிறது என்றார் அவர். பழைய சட்டம் அவர் பக்கம்தானே என்று நான் தயங்கினேன். நீ நிதானமாகச் சொன்னாய்: "நிலம் உங்களுதுதான் சார். அடியில இருக்கிறது ஊர்த் தண்ணி."

ஊரார் உடனே வழக்குப் போடச் சொன்னார்கள். நீ ஒரு நிபந்தனை வைத்தாய்: அவர்களும் புதிதாகப் போர் போடக் கூடாது, இருக்கிற தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பாதிப் பேர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள். கோஸ் போட்டிருந்த முனியம்மா அக்காதான் பேசினார். "அவன் ஆழமா எறங்க எறங்க நாமளும் எறங்கறோம். அதுக்கப்பறம் என்னா பண்றது?" அடுத்த போகத்தில் அவர் கோஸை விட்டு, குறைந்த தண்ணீரில் விளையும் கேழ்வரகு விதைத்தார். எழுந்து போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

கடைசி வாதத்துக்கு நீ இல்லை. காய்ச்சல் என்று படுத்தவள் எழவே இல்லை. தனியாக நின்றேன். இவர்களும் பூமியை உறிஞ்சியவர்கள்தானே என்று எதிர்த்தரப்பு கேட்டது. ஊரே சேர்ந்து தனக்குப் போட்டுக்கொண்ட கட்டுப்பாட்டைச் சொன்னேன். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். வழக்கு அங்கேதான் திரும்பியது. டேங்கருக்கு இறைப்பதற்குத் தடை. ஊரின் குடிநீருக்கே முதலுரிமை.

முனியம்மா அக்காவிடம் போனில் சொன்னேன். "அந்தம்மா இருந்திருந்தா இந்நேரம் வண்டி ஏறியிருக்கும்" என்றார். நாளை நான் போகிறேன்.

இன்று காலை வேறோர் ஊரிலிருந்து இருவர் இதே மாதிரி வழக்கோடு வந்தார்கள். நீங்கள் எவ்வளவு இறைக்கிறீர்கள் என்று முதலில் கேட்டேன். முகம் சுருங்கி எழுந்துவிட்டார்கள். முன்பானால் நானும் சீறியிருப்பேன். இப்போது காபிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். இந்தப் பொறுமை உன்னுடையது.

ஒருவர் மறுபடி உட்கார்ந்தார்.