பேர் எழுதின தாள்

ஒக்டோபர் 12, ஞாயிறு

இண்டைக்குப் பின்னேரம் மாதா கோயில் மண்டபத்தில படம் போட்டவை. ஒல்லாந்தர் காலத்துக் கதை. சுவாமியாரை வீட்டில ஒளிச்சு வைச்ச ஒரு மனுசியைப் பிடிச்சு, "நான் கத்தோலிக்கம் இல்லை எண்டு சொல்லு, விடுறன்" எண்டுறான் அதிகாரி. அவள் சொல்லேல்லை. எனக்கு அழுகையை அடக்க ஏலாமப் போச்சு.

வெளியில வர, வாசல்ல ஒருத்தன் மேசை போட்டு இருந்தான். பேரும் அடையாள அட்டை நம்பரும் எழுதச் சொன்னான்.

"படம் பாக்க இதெல்லாம் எதுக்கு?"

"சும்மா பதிவுக்குத்தான் அக்கா."

அந்த மனுசியை நினைச்சுக்கொண்டு எல்லாத்தையும் வடிவா எழுதினன். பேனையை வைக்கேக்கைதான் மேல பாத்தன். எனக்கு முதல் எழுதினவா பக்கத்து வீட்டு றீற்றா அக்கா. அந்த வரியில கமலாதேவி எண்டு கிடந்தது. அதுக்கு மேல இருந்த ஒரு பேரும் எங்கட ஊரில இல்லை.

வரேக்கை றீற்றா அக்கா கேட்டா, "நீ உன்ரை பேரையே எழுதினனீ?"

"ஓம்."

"விசரி. முந்தி ஆமி பேர் பதிஞ்ச காலத்தில பட்டது காணாதே உனக்கு?"

திரும்பி ஓடிப்போய் எங்கட கோயில் சுவாமியாரைக் கேட்டன். அவன் படம் கொண்டு வந்தவையின்ரை ஆள் எண்டார். அவையைக் கேட்டால், சுவாமியாரின்ரை ஆள் எண்டினம். வாசல்ல மேசை மட்டும் கிடந்தது, ஆளும் இல்லை, தாளும் இல்லை.

அந்தத் தாளில உண்மையா இருக்கிறது நான் ஒருத்திதான். இதுக்கெண்டுதான் படத்தையே காட்டினவங்களோ?

அவனைக் கண்டுபிடிச்சு என்ரை பேரை வெட்டச் சொல்லலாம். வெட்டினால், நான் அங்க இருக்கேல்லை எண்டு சொன்ன மாதிரித்தானே. அவள் கடைசி மட்டும் சொல்லாத சொல்லு அது.