நஞ்சுக்கொடி கட்டிய வைரஸ்

அன்பிற்கினிய துணைவிக்கு, நான் நலம். உன் நலமும், உன் வயிற்றில் ஏழு திங்களாய் வளரும் பிள்ளையின் நலமும் அறிய விழைகிறேன்.

நான் பாத்திரம் கழுவும் ஆய்வகத்தில் நேற்று ஒரு வேடிக்கை. 'வைரஸ் ஜீன்' என்று எழுதியிருந்த கண்ணாடித் தட்டை, நோய் தொற்றிவிடும் என்று அஞ்சி, கழுவ மாட்டேன் என்று முழங்கினேன். ஆய்வாளர் அம்மையார் சிரித்தார்.

"அட அண்ணே, அது நஞ்சுக்கொடி செல்லு! சில கோடி வருஷம் முன்னாடி நம்ம மூதாதை உசுருங்களுக்குத் தொத்துன வைரஸ் விட்டுட்டுப் போன ஜீன்தான் இன்னிக்கும் நஞ்சுக்கொடியக் கட்ட உதவுது. அது இல்லேன்னா நீங்க ஏது, நான் ஏது?"

சென்ற முறை கரு கலைந்தது உன் காய்ச்சலால்தானா என்று கேட்டேன். "தெரியாம யாருண்ணே அப்படிச் சொன்னது?" என்றார். உன்மேல் அப்படிப் பழி சொன்னவன் நான்தானே; தலைகுனிந்து அந்தத் தட்டை எடுத்துக் கழுவினேன்.

உடல் ஓய்ந்திருக்கிறது. ஸ்கேன் படத்தின் நகலும் பழைய போர்வையும் அனுப்பு. வேலைக்கு அழைக்கிறார்கள். என் பழிச்சொல்லை இன்றே இறக்கி வை; பிள்ளையை மட்டும் சுமந்தால் போதும்.