உன் வயிற்றளவுப் பானை

மம்பாவ் தோட்டம்,
12-8-1934

சிங்கப்பூரில் இருக்கும் மகள் செல்லம்மாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம். உன் சுகத்தை நீயே போன கடிதத்தில் நிறைய எழுதிவிட்டபடியால் கேட்கவில்லை. உன் அம்மா முத்தாயி போன மாதம் பதினேழாம் தேதி காய்ச்சலில் இறந்துபோனாள். தந்தி அடிக்கவில்லை. அடித்திருந்தால் வயிற்றைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறி வந்து நின்றிருப்பாய், அந்த முகத்தை அன்றைக்குப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை. எப்போதும் எனக்குக் கடிதம் எழுதித் தரும் ஆபீஸ் கிராணி சின்னத்துரை இதுவரைக்கும் கேட்டுவிட்டு, வயித்துப்பிள்ளையோட இருக்கிற பெட்டைக்கு உதெல்லாம் நான் எழுத மாட்டன், நீரே எழுதும் என்று பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார். அதனால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்து வாசி.

நீ கேட்ட பானை விஷயம். வயிற்றை நூலால் அளந்து, தொப்புள் வரும் இடத்தில் முடிச்சுப் போட்டு, அந்த நூலைக் கடிதத்துக்குள் மடித்து அனுப்பியிருந்தாய். இந்தத் தோட்டத்தில் முழுகாமல் இருக்கும் பெண் யாராக இருந்தாலும் அவள் நூல் அளவுக்கு வயிற்றுப் பானை செய்து, தொப்புள் வைத்து, மாரியம்மன் முன்னால் கூழ் நிரப்பி வைக்கக் கொடுப்பவன் நான்தான். பானை விரிசல் இல்லாமல் இருந்தால் பிள்ளையும் குறையில்லாமல் பிறக்கும் என்று எல்லோரும் நம்புகிறார்கள், மகளுக்கு மட்டும் மாட்டேன் என்பாரா என்று நினைத்திருப்பாய். உன் அம்மாவிடம் மாட்டேன் என்றுதான் சொன்னேன். இரண்டு வருஷத்துக்கு முன் சூளை நெருப்பைப் பார்த்துக்கொள் என்று உன்னை உட்காரவைத்துவிட்டு ரப்பர்ப் பால்மரம் சீவப் போனேன், நீ நெருப்பைப் பாதியில் விட்டுவிட்டு அந்த லோரி ஓட்டும் ராமகிருஷ்ணனோடு ஏறிப் போனாய். அவனைக் கட்டிக்கொள்ள வேண்டுமென்றால் என்னைக் கேட்டிருக்கலாம், நான் மறுத்திருப்பேன், அது வேறு. சூளையில் இருந்த நாற்பது பானையும் பாதி வேகலாக நின்று தண்ணீர் ஊற்றினால் கரைந்தது. ஒரு நாள் பொறுத்துப் போயிருந்தால் உனக்கு என்ன குறைந்திருக்கும்?

அம்மா பத்து நாள் கெஞ்சினாள், நான் அசையவில்லை. சக்கரத்தில் பெண்கள் கை வைப்பது நம்மில் வழக்கமில்லையே, அதனால் மண்ணைக் கயிறாகத் திரித்துச் சுற்றிச் சுற்றி ஏற்றி, பலகையால் தட்டி, நான் பால்மரக் காட்டில் இருக்கும் நேரம் பார்த்து அவளே செய்திருக்கிறாள். காய்ச்சல் அப்போதே இருந்தது. சூளையைப் பிரிக்கிறேன், என் பானைகளுக்கு நடுவில் தொப்புளோடு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கழுத்து கோணல், தோள் ஒரு பக்கம் இறக்கம், ஆனால் வயிறு மட்டும் உன் நூலுக்குப் பிசகாத வயிறு. வெந்தால் மண் சுண்டும் என்று கொஞ்சம் கூட்டியே வைத்திருக்கிறாள், நான் அதைச் சொல்லிக் கொடுத்ததே இல்லை. தட்டிப் பார்த்தேன், நல்ல சத்தம். அவளிடம் சொல்லவில்லை. காய்ச்சல் விட்டதும் கோயிலுக்குக் கொண்டுபோகிறேன் என்று சொல்லிக்கொண்டே கிடந்தாள், விடவில்லை.

கொள்ளி வைக்க மகன் இல்லாதவன், நானே குடம் தூக்கினேன். எந்தக் குடம் என்றும் தெரிந்துகொள். பிரசவம் பார்க்கும் தாயம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்தாள், அண்ணே அது புள்ளைக்கு நேந்த பானைலா, அத எடுக்காதீங்க, கொட்டாயில அம்புட்டு கெடக்கே என்று கத்தினாள். கிடந்தது உண்மைதான், பதினெட்டுப் பானை கிடந்தது. நான் உன்னுடையதைத்தான் எடுத்தேன். தண்ணீர் நிரப்பித் தோளில் வைத்து மூன்று சுற்று வந்தேன், சுற்றுக்கு ஒன்றாகக் கங்காணி கத்தியால் ஓட்டை போட்டார், மூன்றாவது தொப்புளுக்குப் பக்கத்தில் விழுந்தது, தண்ணீர் என் முதுகெல்லாம் வழிந்தது. திரும்பிப் பார்க்காமல் பின்பக்கம் போட்டு உடைத்தேன். உனக்கு வலிக்கவேண்டும் என்றுதான் செய்தேன். அது அவள் கையால் செய்தது என்பது வீட்டுக்கு வந்து குளித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

பிரசவத்துக்கு வரட்டுமா என்று கேட்டிருந்தாய். வராதே. அம்மா படுத்த இடத்தில் பானை அடுக்கிவிட்டேன், உனக்குப் பத்தியம் பொங்கிப்போட இங்கே யாரும் இல்லை. அங்கே ஆஸ்பத்திரி இருக்கிறது, அதற்குப் போ. குடம் தூக்காதே, மாடிப்படி அதிகம் ஏறாதே, இது தாயம்மா எழுதச் சொன்னது. மகமாயி உன்னையும் பிள்ளையையும் நல்லபடி பிரித்துக் கொடுக்கட்டும், அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபம் இல்லை.

கடிதத்தைப் பிரிக்கும்போது கவனம், உன் நூலை உள்ளே வைத்திருக்கிறேன். அம்மா அதைப் பானையின் கழுத்தில் கட்டி வைத்திருந்தாள், தண்ணீர் நிரப்புவதற்கு முன் அவிழ்த்தேன். உன் முடிச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது முடிச்சு, மண் சுண்டும் அளவுக்குக் கூட்டி அவள் போட்டது. அதை அவிழ்க்க எனக்கு மனம் வரவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
இராஜமாணிக்கம்