மதினி சிரித்த பக்கம்

எதைப் படித்தாலும் முதலில் யாரிடம் சொல்ல ஓடுவேனோ, அந்த என் மதினிக்கு,

தனிமங்களைக் கண்டுபிடித்தவர்களைப் பற்றி ஒரு புதுப் புத்தகம் ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்துக்கு வந்திருக்கிறது. எடுத்து வந்தேன். இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் மூடிவிடுகிறேன். கேட்க நீங்கள் இல்லாமல் இதையெல்லாம் எதற்குத் தெரிந்துகொள்வது?

பள்ளியில் வேதியியல் என்றாலே நம் இருவருக்கும் பயம். அந்த வேதியியலின் கதை இத்தனை ருசியாக இருக்கும் என்று யார் நினைத்தது? ராஜபாளையத்தில் மில் வேலை முடிந்ததும் செத்த நேரம் படுக்காமல், நான் படித்ததைக் கேட்க எனக்குப் போன் போடுவீர்கள். கண்டுபிடித்த பொருளையெல்லாம் நாக்கில் வைத்துப் பார்த்த சுவீடன் மருந்துக்கடைக்காரர் இளம் வயதிலேயே போய்விட்டார் என்று சொன்னபோது, சொந்தக்காரர் செத்தது போல வருத்தப்பட்டீர்கள். "கையப் புடிச்சு நிறுத்த ஒருத்தர் இல்லையாடி?" என்று கேட்டீர்கள்.

பிறகு உங்கள் கர்ப்பப்பையில் புற்றுநோய் என்றார்கள். மதுரையில் கரண்டு வைத்தார்கள். கதிர்வீச்சுக்கு நம் பக்கம் அதுதானே பெயர். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொன்ன அன்று, டிஸ்சார்ஜ் சீட்டுக்காக வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். ஒழுகும் கொட்டகையில் கனிமத்தைக் காய்ச்சிக் கிண்டி ரேடியத்தைப் பிரித்தெடுத்த பெண்ணின் கதையை வாசிக்கச் சொன்னீர்கள். அந்தக் கதிரே அவரைக் கொன்ற இடம் வந்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். புத்தகத்தை வாங்கி நீங்களே படித்து முடித்தீர்கள்.

"அவ கொணம் தெரியாமத் தொட்டா. எனக்குப் படிச்சவுக பாத்துப் பாத்துத்தான வச்சாக. அப்படியும் சீக்கு கேக்கலியே."

அந்த அத்தியாயம் அவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீங்கள் இல்லாத வீட்டுக்கு, போன ஞாயிறு அண்ணனைப் பார்க்கப் போயிருந்தேன். உங்கள் கணவர் புத்தகம் பக்கம் போகாதவர் என்பது உங்களுக்குத் தெரியாததா? அவராகவே கேட்டார்: "போன்ல உன் மதினி எதுக்கு அப்படிச் சிரிப்பா? அத வாசி, கேக்கேன்."

நாம் படித்த பழைய புத்தகத்திலிருந்து, பொன் கிடைக்கும் என்று வாளி வாளியாக மூத்திரத்தைச் சேர்த்து, அழுகவிட்டுக் காய்ச்சிய ஜெர்மன்காரர் கதையை வாசித்தேன். பொன் வரவில்லை, இருட்டில் ஒளிரும் பாஸ்பரஸ் வந்தது. 'அவன் பொண்டாட்டி அந்த வீட்டுல எப்படிச் சோறு தின்னா' என்று கேட்டுக் கேட்டு மூச்சு முட்டச் சிரிப்பீர்களே, அதையும் சொன்னேன்.

அண்ணன் முகம் மாறவே இல்லை. "இதுல எந்த எடத்துல சிரிச்சா?" என்றார். வாளிகள் வரும் வரியில் நான் விரல் வைத்தேன். அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு மட்டம் வாசி."

வாசித்தேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும்தான்.

அடுத்த ஞாயிறும் போவேன், மதினி. கேட்டால் மறுபடி வாசிப்பேன். ஒன்றும் மாறாது என்று இருவருக்கும் தெரியும். இருந்தாலும் அவர் போதும் என்று சொல்லும்வரை வாசிப்பேன். இந்த ஒரு வாக்கைத்தான் என்னால் தர முடிகிறது.

மதினி என்று கூப்பிட வேறு யாருமில்லாத
உங்கள் நாத்தனார்