காய்ச்சின தீர்த்தம்

அக்கா,

இன்று காலை அடுப்படியிலிருந்து துளசி கொதிக்கிற வாசம் வந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். மாரியம்மன் கோயிலிலிருந்து வந்த தீர்த்தத்தைப் பால் காய்ச்சுகிற சின்னப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்திருந்தாள் என் மனைவி. இப்போது எனக்குக் காய்ச்சிக் குடிக்கத் தேவையே இல்லை. பச்சைத் தண்ணீர் குடிக்கலாம், தயிர் ஊற்றிக்கொள்ளலாம், கொய்யாவைக் கடித்தே தின்னலாம் என்று டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டார். ஆனாலும் நம் வீட்டில் தீர்த்தம் என்றால் காய்ச்சித்தான். நீ ஆரம்பித்து வைத்தது, இவள் விடமாட்டாள்.

எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்டு நான் கோயமுத்தூரிலிருந்து வீட்டுக்கு வந்த புதிதில்தானே அது நடந்தது. பூசாரி பாசமாகத் தீர்த்தம் கொடுத்தனுப்பியிருந்தார். என் உடம்பிலோ எதையும் எதிர்க்கிற சக்தி கிடையாது. காய்ச்சாத தண்ணீர் ஒரு வாய்கூட ஆகாது என்று ஆஸ்பத்திரியில் எச்சரித்திருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல், குடிக்கக் கொடுக்கவும் முடியாமல் இவள் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நீ அதை வாங்கி நேரே அடுப்பில் ஏற்றிவிட்டாய்.

"நங்கை, தீர்த்தத்தப் போயி காச்சறதுங்களா?" என்று இவள் உன்னிடம் பதறினாள்.

"குண்டம் எறங்கற கோயலு கண்ணு. தீயப் பாத்து ஆத்தா பயப்படுவாளா?" என்றாய் நீ.

ஆறவைத்து நீயே என் உள்ளங்கையில் விட்டாய். அப்போது எனக்கு எதைத் தின்றாலும் துருப்பிடித்த ஆணியைச் சப்புகிற மாதிரிதான் இருக்கும். அந்தத் தீர்த்தத்தில் மட்டும் துளசி லேசாகத் தெரிந்தது. சொன்னேன். நீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாய்.

எல்லாருக்கும் என் உயிர்தான் கவலை. உனக்கு அதோடு இன்னொரு கவலையும் இருந்தது. உன் மஜ்ஜைதான் எனக்குப் பொருந்தியது. இடுப்பெலும்பிலிருந்து எடுத்துப் பையில் கொண்டு வந்தபோது, "இத்தனையூண்டா? இதுக்கா என்னைய இந்தக் குத்துக் குத்துனாங்க?" என்று சிரித்தாய். ஆனால் நர்ஸ் போனதும் என்னிடம் மெதுவாகக் கேட்டாய்: "எம்பட எலும்பு பழசு சாமி. உனக்குப் புடிக்காமப் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?" உனக்குள் இருந்த பயம் முழுவதும் அந்த ஒரு கேள்விதான். அதன்பிறகு தினமும் காலையில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று நர்ஸைப் பிடித்துக்கொள்வாய். ரத்த அணு, எண்ணிக்கை எல்லாம் உனக்கு வேண்டாம். "நாத்து வேர் புடிச்சுதுங்களா?" இவ்வளவுதான். நர்ஸுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. மலையாளத்துப் பெண். நீ விரல்களை ஊன்றி நடவு நட்டுக் காட்டினாய். ஒருநாள் நீ வாயைத் திறக்கும் முன்னே அவளே தூரத்திலிருந்து கையை ஆட்டினாள். "சேச்சி, ஞாறு பிடிச்சு" என்றாள். நீ அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாய்.

வீட்டுக்கு வந்த பிறகு அடுப்படி இவளுக்கு, வாசல் கேட்டு உனக்கு என்று நீங்களே பிரித்துக்கொண்டீர்கள். மாமாவையும் உன் மருமகளையும் விட்டுவிட்டு வந்து மாதக்கணக்கில் எங்களோடு இருந்தாய். மாடுகளை உன் தோட்டத்துக்கு ஓட்டிவிட்டாய். வாசலில் சாணி தெளிக்கக்கூடாது என்றாய். பிளாஸ்டிக் நாற்காலியைக் கேட்டுக்குள் போட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாய் என்றால் சொந்தபந்தம் ஒன்றும் உன்னைத் தாண்டி வரமுடியாது. நம் ஆட்களுக்கு நோவு என்றால் நேரில் வந்து பார்த்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் அது பெரிய குற்றம். ஆரஞ்சும் ரொட்டியும் தூக்கிக்கொண்டு வந்தவர்களைக் கேட்டோடு நிறுத்தி, "அங்கிருந்தே கைய வீசிட்டுப் போங்க, அவன் பாத்துக்குவான்" என்பாய். நான் ஜன்னலில் மாஸ்க்கோடு நின்று கையசைப்பேன். சிலர் பழக்கதோஷத்தில் கும்பிட்டுவிட்டும் போனார்கள். "உண்டியல் ஒண்ணு வெச்சுரலாமா?" என்று நீ கேட்டது இன்னும் எனக்குச் சிரிப்பு.

நம் சின்னம்மா வந்த நாளைத்தான் மறக்கவே முடியாது. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்துவிட்டு அது கேட்டது: "ஏஞ் சாமி, இவனொடம்புல இப்ப ஓடறது உம்பட ரத்தம்ங்கறாங்க. நீ மாப்பளை கூட்டத்துக்குப் போனவ. அப்ப இவன் இனி எந்தக் கோயலுக்குப் பொங்க வெக்கறது?"

எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. குலதெய்வத்தை மாற்றிவிட்டேனோ என்று. நீ அசரவில்லை. "ரெண்டு கோயலுக்கும் வெக்கட்டுங்க சின்னம்மா. ரெண்டு பொங்கலத் திங்கற அளவுக்கு அவன் எந்திரிச்சு வந்தாப் போதும்" என்றாய். சின்னம்மா அதை அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொண்டு போய் ஊரெல்லாம் சொல்லிவிட்டது.

அந்த நாட்களைக் கஷ்டகாலம் என்றுதான் மற்றவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. காய்ச்சல் பார்ப்பது, மாத்திரை, ஆறுவதற்குள் சாப்பாடு, தூக்கம். மண்ணைத் தொடக்கூடாது என்பதால் வயலை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். நீ மாலையில் வரப்பில் நடந்துவிட்டு வந்து, எந்த மடையில் தண்ணீர் பாய்கிறது, கடலை எப்படி இருக்கிறது என்று கதவுக்கு வெளியே நின்றபடி சொல்லுவாய். காலைக் கழுவிய பிறகுதான் உள்ளே வருவாய். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாட்களில் கோயமுத்தூர் ரோட்டில், கஞ்சிக்கோட்டில் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நிற்கும்போது, சின்ன வயதில் நாம் போட்ட சண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, யார் பக்கம் நியாயம் என்று திரும்பவும் சண்டை போடுவோம். இத்தனை நாள் உன்னோடு சேர்ந்து இருக்க எனக்கு வேறெந்தக் காரணமும் கிடைத்திருக்காது. கட்டிக்கொடுத்த பிறகு நீ விருந்தாளிதானே.

என்னைத் தேற்றிவிட்டு நீ போய்விட்டாய். போன வருஷம், மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை நான்தான் கொண்டுவந்து உன்மேல் போர்த்தினேன். அழுதேன், அது இருக்கட்டும். வீட்டுக்கு வந்த பிறகு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. நீயே போய்விட்டாய், நீ கொடுத்தது மட்டும் எனக்குள் எத்தனை நாளைக்கு நிற்கும்? வெட்கமாக இருந்ததால் யாரிடமும் கேட்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. உடம்பு இளைத்தது. கடைசியில் இவள்தான் பிடித்துக் கேட்டாள், சொன்னேன்.

"ஏனுங்க, நடவு முடிஞ்சு நாத்தங்கால உழுது போட்டா, நட்ட வயலு வாடிப்போகுதுங்களா? பண்ணயம் பாக்கறவருதானுங்க நீங்க?"

பிறகு டாக்டரும் அதையேதான் வேறு பாஷையில் சொன்னார். ஆனால் எனக்கு இவள் சொன்ன அன்றே பசி எடுத்துவிட்டது.

இந்தத் தை மாதம் மாமாவின் குலதெய்வத்துக்கும் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வந்தேன். சின்னம்மாவுக்குத்தான் ரொம்பத் திருப்தி. இரண்டு கோயில் பொங்கலையும் தின்றேன், நீ சொன்னபடியே.

இன்று காலை தீர்த்தத்தைக் குடித்துவிட்டு வழக்கமான பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போனேன். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற இடத்தில் ஒரு புதுப் பெண். என்ன குரூப் என்று கேட்டாள். பி பாசிட்டிவ் என்றேன். அவள் பழைய சீட்டைப் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினாள்.

"இதுல ஓ பாசிட்டிவ்னு போட்டிருக்குதுங்களே?"

"அது மஜ்ஜை மாத்தறதுக்கு முந்தி இருந்த என்னுதும்மா. இது எங்க அக்காளுது."

அவளுக்குப் பாதிதான் புரிந்தது போலிருக்கிறது. கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "அக்காவும் கூட வந்திருக்காங்களா?"

"வந்திருக்குதும்மா" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினேன்.