‘ஆக்‌ஷன்’ என்றதும் அணைந்த கேமரா

அன்பு மாமாவுக்கு,

அக்கா நலம். நீங்கள் கண்மூடிய பிறகு வீட்டில் ஸ்விட்சுகள் ஒழுங்காக வேலை செய்கின்றன.

அடி அண்ணாமலையில் ஒன்பது நாள் சினிமாப் படப்பிடிப்பு நடந்ததே, அந்தச் சினிமா உருவாகும் விதத்தைப் படமெடுக்க உங்களை அமர்த்தியிருந்தார்கள். அந்தச் சினிமா இன்னும் வரவில்லை. நீங்கள் எடுத்தது வந்துவிடும் போலிருக்கிறது. சிக்கல் அதுதான்.

உங்கள் பதிவுகளை முழுதாகப் பார்த்தேன். இயக்குநர் "ஆக்‌ஷன்" என்றதும் உங்கள் கேமரா அணைகிறது; "கட்" என்றதும் விழிக்கிறது. நாயகன் அழுவது இல்லை. அழுது முடித்துச் சட்டைப் பொத்தானைத் தேடுவது இருக்கிறது. மழைக்காட்சி இல்லை, "மழை ஜாஸ்தியா வேணுங்களா, கம்மியா போதுங்களா?" என்று தண்ணீர் லாரிக்காரர் கேட்பது இருக்கிறது. மீதி நேரமெல்லாம் தரையும் உங்கள் செருப்பும். முதல் நாளே கேமராவின் பொத்தானை ஒருமுறை கூடுதலாக அழுத்திவிட்டீர்கள், இல்லையா?

ஒரு திரைவிழாவுக்கு அனுப்பினேன். துணிச்சலான சோதனை முயற்சி என்கிறார்கள். ‘இயக்குநரின் நோக்கம்’ என்றொரு கட்டத்தை மட்டும் நிரப்ப வேண்டுமாம். நோக்கம் இருந்தால் கலை, இல்லாவிட்டால் பழுது.

அக்காவிடம் கேட்டேன். "ஃபேன் போடச் சொன்னா லைட்ட அணைக்கிற மனுசன். அவருக்கு ஏதுடா நோக்கம்?" என்றாள். கூடவே, "பெரிய திரையில ஒரு தடவ பாக்கணும்னு இருக்குது. அதுக்காக அவரு பேர்ல பொய் எழுதிடாத."

ஐந்தாம் நாள் பதிவில் தரை திடீரென மேலேறி, உங்கள் முகம் வந்தது. மொத்தப் பதிவிலும் நீங்கள் தெரிவது அங்கே மட்டும்தான். கேமராவில் எரியும் சிவப்பு விளக்கை உற்றுப் பார்க்கிறீர்கள். "நிறுத்தினேன்னு நெனச்சா ஓடுதே!"

டீ கொண்டுவந்தவர் சொல்கிறார்: "அப்ப நிறுத்துங்கண்ணே."

யோசிக்கிறீர்கள். "ஓடட்டும் வுடு."

ஆறாம் நாளிலிருந்தும் அதே தலைகீழ்தான். ஆனால் செருப்பு இல்லை; முகங்கள். அந்த ஒரு நிமிடத்தில் என்ன கண்டீர்கள் மாமா? என்னிடம் ஏன் சொல்லவில்லை?

கட்டத்தில் இப்படி எழுதி அனுப்பிவிட்டேன்: ‘முதல் ஐந்து நாள் தவறு. பிறகு, ஓடட்டும் வுடு.’ எடுத்துக்கொள்வார்களா, தெரியவில்லை. எடுக்காவிட்டால் இங்கேயே ஒரு கல்யாண மண்டபத்தில் திரை கட்டி அக்காவுக்குக் காட்டுவேன்.

செருப்புக் காட்சிகளை வெட்டிவிடலாமா என்று நேற்று அவளிடம் கேட்டேன். கணினித் திரைக்கு அருகில் போய்ப் பார்த்தாள். "இடது வார் அறுந்துதான் கெடக்குது. மாத்துங்கன்னா கேட்டாரா?" என்றாள். பிறகு வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

ஒரு நொடிகூட வெட்ட மாட்டேன் மாமா.

உங்கள் ஒரே மச்சான்,
முருகேசன்